ஏப்பம்

டர்போ போட்ட வண்டி
தின்கிற வேகத்துக்கு ஏப்பமும் விடும்;
எண்ணெய் வாடையோடு அதையே
மறுபடி மூச்சில் இழுக்கும்.

போன மாதம் ஹென்ரீக்கா வாங்கியது
பளபளக்கும் சிவப்பு டப்பா.
உள்ளே சல்லடைகூட இல்லை.
குவோப்பியோவில் மைனஸ் இருபத்தாறு.
டப்பாவின் வாய் உறைந்து
அடக்கிய ஏப்பம்
ஆயில் குச்சியைப் பிடுங்கி எறிந்தது.
பானெட்டுக்குள் எல்லாம் கருப்பு.
ஓஸ்மோ சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

இந்த முறை அழகு பார்க்கவில்லை.
கூலன்ட் ஓடி வெதுவெதுப்பாய் வைக்கும் ஒன்று,
சாம்பல் நிறம், விலை இரண்டரை மடங்கு.
பேட்டரிக்குப் பக்கத்தில் இடமில்லை;
தாங்கியை அறுத்து, வளைத்து, மறுபடி அறுத்து
கிளாம்ப் இறுக்குகையில்
விரல் தோல் உரிந்தது.

ஞாயிறு, உறைந்த ஏரியில் நாற்பது சுற்று.
திருகைத் திறந்தாள்:
அரைக் கோப்பை,
பால் விட்ட காபி நிறத்தில்.

ஓஸ்மோ முகர்ந்து பார்த்துவிட்டு
“குடிக்காதே” என்றான்.