கசிவு

முதலில் மாற்றியது சத்தத்தைத்தான்.
குருநகரில், ஜெனோசன் வீட்டில்,
அடுத்த அறையில் அவன் அம்மா படுத்திருப்பா.
இருபது வருசத்துப் பழைய விளையாட்டு, ஆனாலும்
துவக்கு இன்னும் துவக்கு மாதிரியே வெடிக்கும்.
"உதை நிப்பாட்டு" என்று ஒருமுறைதான் சொன்னா.
அடுத்த வெள்ளி, கழுத்தில் சிலுவையோடு நல்லூர் வாசலில் நின்று
சிதறுதேங்காய் உடைவதைப் போனில் பிடித்து வந்தான்.
அன்றுமுதல் எங்கள் மொட்டில்
சுட்டால் தேங்காய் சிதறும்.

பிறகு கை நிற்கவில்லை.
கைக்குண்டுக்குப் பனங்காய். கத்திக்குத் துருவலை.
உயிர் ஏற மருந்துப்பெட்டி இல்லை, மாலுபாண்.
அணிகளுக்கு ஊர்ப்பெயரோ நிறமோ வேண்டாம் என்றேன்.
எதை வைத்தாலும் யாரோ ஒருவர் எழும்பிப் போவார்.
கடைசியில் கூழ் அணி, புக்கை அணி.
அதற்கும் ஒரு கிழமை சண்டை.

சுவர்கள் என் பொறுப்பு.
ஸ்கூட்டியை ஓரங்கட்டி, நிழல் விழாத நேரம் பார்த்து,
நாவாந்துறை, பொம்மைவெளி, ஐந்துசந்தி,
சதுரம் சதுரமாக எடுத்தேன்.
"தங்கச்சி, மாநகரசபையோ?"
"இல்லை, கேம்."
அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
காயப்போட்ட சாரத்தை விலக்கித் தந்தார்.

வெள்ளோட்டத்தில் போலந்துக்காரன் ஒருவன் நுழைந்தான்.
பத்து நிமிடம் ஓடினான், மூன்றுதரம் செத்தான், எழுதினான்:
மப் அழகு. ஆனால் சுவர்களில் ஓட்டை கூடிப்போச்சு.
யாரும் சுடமுதலே இத்தனை என்றால் நம்பமுடியவில்லை.
இமயவன் பதில் தட்டப்போனான். கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.
நன்றி என்று அனுப்பினோம்.
குறைக்கவில்லை.
நாங்கள் ஆட்டத்தில் போடும் ஓட்டைகள்
நூறைத் தாண்டினால் பழையது தானாக அழியும்.
இவை படத்திலேயே இருப்பவை.

சாறூக்குக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.
புத்தளத்தில் பிறந்தவன்.
சோனகதெருவில் தங்கள் கதவு எது என்று தெரியும்,
அதில் தொங்கும் வேறு யாரோவின் பூட்டும் தெரியும்.
உள்ளே போனதில்லை.
வைத்தோம். பச்சைக் கதவு.
அன்றிரவு மப் கொம்பைல் ஆகமாட்டேன் என்றது:
கசிவு.

இந்த எந்திரத்துக்கு ஒரு பயம்.
உலகம் நாலாபக்கமும் அடைபட்டிருக்கவேண்டும்;
மயிரிழை திறந்தாலும் வெளியே கிடக்கும் சூனியம்
உள்ளே வந்துவிடும் என்று வேலையை நிறுத்தும்.
நிறுத்திவிட்டு, ஓட்டை இருக்கும் இடம்வரை
ஒரு சிவப்புக் கோடு கீறித் தரும்.
சல்லடைச் சுவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கோடு ஐந்துசந்தியில் தொடங்கி
பள்ளிவாசலைச் சுற்றி
பச்சைக் கதவுக்குள் போய்
அப்படியே போய்க்கொண்டிருந்தது.

சாறூக் தாத்தாவுக்குக் கோல் எடுத்தான்
(அக்காவை அப்படித்தான் கூப்பிடுவான்).
வெளிக்கிட்ட அன்று அவவுக்கு ஆறு வயசு.
ஸ்பீக்கரில் குரல்:
"கிணறு... இல்ல, அது அடுத்த வீடு.
படி ரெண்டு இருந்திச்சு. வலப்பக்கம் என்னமோ நீலமா."
கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட்டது.
"இப்ப அங்க யார் யார் இருக்கிறீங்க?" என்றா.
இருட்டுக்குள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னோம்.

வானம் என்று ஒரு டெக்ஸ்சர் உண்டு.
தெரியாத இடத்தை அதைக்கொண்டு மூடலாம், எந்திரம் ஏற்கும்.
படி இரண்டு வைத்தோம். அப்பால் வானம்.
நீலம் எந்த நீலம் என்று மட்டும்
விடியும்வரை இழுபட்டோம்.

இப்போது ஆட்டம் தொடங்கினால் சாறூக்
ஒருத்தரையும் சுடாமல் அந்தப் படியில் போய் நிற்பான்.
புக்கை அணிக்கு நட்டம். அவனைத் தூக்கச்சொல்லி
இமயவன் இன்னும் கத்துகிறான்.
நான் கூழ் அணி.
அங்கே வைத்து இரண்டுதரம் அவனைச் சுட்டிருக்கிறேன்.
தேங்காய் உடையும். விழுவான்.
ஐந்து வினாடியில் திரும்பி வந்து
அதே படியில் நிற்பான்.