கழுவிய தண்ணீர்

கால் கழுவும் பழக்கம் உண்டா?
படிவத்தில் ஏழாவது கேள்வி.
"தெனம் சாயங்காலம்" என்றாள் பூங்காவனம்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
செருப்பு வாசலோடு சரி.
வீட்டுக்குக் கிளம்புமுன்
குண்டானில் நின்று தேய்க்கணும்,
விரலிடுக்கு விடாமல்.
தண்ணீரைக் கொட்டக் கூடாது.
அடியில் படிகிற வெள்ளி
முதலாளிக்கு.

துடைக்கத் துணி?
அதை யார் தருவாங்க.

சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.
சுண்டுவிரலடியில் பொத்தல்,
வலியே இல்லையாம்.

எம்.சி.ஆர். செருப்புக்கு அளவு கேட்டேன்.
தெரியவில்லை.
கொலுசென்றால் சொல்வாள்:
கைக்குழந்தைக்கு ஐந்து அங்குலம்,
கல்யாணப் பெண்ணுக்குப் பத்தரை,
கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் பதினொன்று.

படிவத்தைத் திருப்பிப் போட்டு
அவள் பாதத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டினேன்.
காலை எடுத்ததும்
தாளில் என்னவோ மினுங்கியது.

"அவருகிட்ட சொல்லிப்புடாதீங்க, சிஸ்டர்."