செவ்வாய்க்கிழமைக் கூடை

செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு
அந்த வீட்டின் பின்வாசலைத் திறப்பேன்.
தோளில் வலைக்கம்பு, கையில் குளோரின் வாளி.
நீச்சல்குளங்களைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு.
இந்தக் குளத்தில் யாரும் நீந்தி
நான் பார்த்ததில்லை.

முதலில் ஸ்கிம்மரின் மூடி.
கையை விடுமுன் குச்சியை விட வேண்டும்.
டூசான் நகரில் பதினாறு வருடமாகப்
பத்து விரலோடு இருக்கிறேன் என்றால்
அந்தக் குச்சியின் புண்ணியம்.
கூடைக்குள் மெஸ்கிட் நெற்று,
ஊறி வெளுத்த எலி,
செத்ததுபோல் நடிக்கும் தேள்.
ஒருமுறை
பாலைவனத்தின் மொத்தக் கோபத்தையும்
வால்நுனியில் வைத்துக் கிலுக்கிய பாம்பு.
மூடியை மெல்ல மூடிவிட்டு
அடுத்த தெரு வீட்டு வேலைக்குப் போய்விட்டேன்.
அன்றைக்கும் சேர்த்துத்தான் பில் போட்டேன்.

ஆர்லிஸ் ஹால்வர்சனுக்கு எழுபத்தெட்டு வயது.
மினசோட்டாவின் பனிக்குத் தப்பி வந்தவள்.
"டெல்ஃபினா, என் குளத்தில் மறுபடியும் பன்றிகள்."
பன்றி இல்லை அம்மணி, ஹவலீனா.
"பன்றி மாதிரி இருக்கிறது, பன்றி மாதிரி நாறுகிறது,
பன்றி இல்லை என்று என்னிடம் சொல்லாதே."

அவள் செய்யாததில்லை.
பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி நிறுத்தினாள்.
அதன் தலைமேல் நின்று இரண்டு குருவிகள்
குடும்பச் சண்டை போட்டன.
ஓநாய் மூத்திரம் தெளித்தாள், புட்டி இருபத்தாறு டாலர்.
யார் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள்,
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
விடிய விடிய ரேடியோவைப் பேசவிட்டாள்.
வட்டி விகிதம் பற்றிய விவாதத்தைக் கேட்டபடி
ஒன்பது ஹவலீனாக்கள்
சாய்வு நாற்காலிகளுக்கு அடியில் உறங்கின.
வேலிக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாள்.
பிறகு திரும்ப வாங்கிக்கொண்டாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

ஜூன் கடைசி.
மழை முகம் காட்டி நூற்றுப் பதினொரு நாள்.
மலையில் ஓடை என்று பெயர் வைத்த இடமெல்லாம் மணல்.
அதிகாலை மூன்று மணிக்கு போன்.
"ஒன்று விழுந்துவிட்டது. ஆழப்பக்கம்."
அப்புறம் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.
அவளுடையவை என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்தால்
விளிம்பில் நின்று பல்லைக் கடகடத்துக்கொண்டிருந்தது
தாய் ஹவலீனா.
தண்ணீரில், இரவு உடையோடு, தோள்வரை ஆர்லிஸ்.
ஒரு காலணி அளவே இருந்த செம்பட்டைக் குட்டியை
இலை அள்ளும் வலையில் ஏந்திப்
படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள்,
திட்டிக்கொண்டே.
எனக்குத் தெரியாத மொழி.
அவள் அம்மாவிடம் கற்ற நார்வே வசவுகளாம்,
நல்ல வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லையாம்.

குட்டி படியேறியது, உதறியது, தும்மியது.
நன்றி சொல்லும் பழக்கமில்லாத கூட்டம்
இருட்டுக்குள் போனது.
போகிற போக்கில்
பெட்டூனியாத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனது தாய்.

அடுத்த செவ்வாய்
ஆழப்பக்கத்தில் ஒரு பலகை
சரிவாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.
ஆணியெல்லாம் கோணல்.
"தற்காலிகம்தான்" என்றாள்.
"உன் பன்றிகளைச் சகிக்க முடியவில்லை."
உன் பன்றிகள்.

சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்தேன்.
இருக்க வேண்டியதில் பாதிதான் குளோரின்.
சேறு கலந்தால் இறங்கும்.
ரோமம், எச்சம், மகரந்தம், எதற்கும் இறங்கும்.
தினமும் ஒரு மனித உடம்பு இறங்கி ஏறினாலும் இறங்கும்.
கொடியில் ஒரு நீச்சலுடை சொட்டிக்கொண்டிருந்தது,
விலைச்சீட்டைக் கத்தரிக்க மறந்து.

பில்லில் எழுதினேன்.
கூடை: இலைகள் மட்டும்.
குளோரின்: அரை வாளி கூடுதல்.
காரணம் என்ற கட்டத்தில்
பன்றி.