ஏழாம் சிப்பாயின் அளவு

பாஸ்காவுக்குப் பதினோரு நாள் இருக்கையில்
ஏழாம் சிப்பாய்க்குக் கத்தார் விசா வந்துவிட்டது.
தங்கச்சிமடத்தில் வேறு ஆள் இல்லையா என்றார்கள்.
பாசி எடுக்கப் போகிற நான்
கையைத் தூக்கினேன்.

மதுரையிலிருந்து வந்த வாடகைக் கவசம்
ஆறு பேருக்கும் பொருந்தியது.
எனக்கு அது அக்குளில் அரம், இடுப்பில் ஊஞ்சல்.

சரி, நானே செய்கிறேன் என்று
பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு நின்றேன்.
நாத்தனார் ரெக்ஸலின் சுற்றிச் சுற்றி வந்து
மீன் பார்சலுக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை
இறுக்கி இறுக்கி ஒட்டினாள்.
சிரிக்காதடி, அளவு மாறுது.
கத்தரிக்கோல் சில்லென்று முதுகில் ஏறியது.
தரையில் விரித்தபோது
மல்லாந்து கிடந்தேன்,
நான் இல்லாமல்.

ஒரு பாதியை வெட்டித் திருப்பிப் போட்டால்
மறுபாதி என்று நினைத்ததுதான் தப்பு.
எனக்கு இடது தோள் ஒரு விரல் இறக்கம்.
சாக்குத் தூக்குகிற தோள்.
இத்தனை வருஷம் கண்ணாடி சொல்லாததை
ரப்பர் ஷீட் சொன்னது.

மறுபடி, இரண்டு பாதியும் தனித்தனியாக.
அயர்ன் பாக்ஸ் சூட்டில் வளைத்து,
படகுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்ட் பூசி,
பாம்பன் காற்றில் ஒரு ராத்திரி காயவிட்டு.
கச்சிதம்!
மூச்சை இழுத்தேன்,
முழுகப் போகிறவள் இழுக்கிற மூச்சு.
விலாவில் பட்டென்று விட்டது.

"அடக்கிட்டு நில்லேன், ஒரு மணி நேரந்தானே."
அடக்கத் தெரியாதா எனக்கு?
பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி கிள்ளுகிறவரை
அடக்குகிறவள்தான்.
ஆனால் அடக்க, முதலில் இழுக்க வேண்டும்.
அதற்குத்தான் இடம் விடவில்லை.

விலாவுக்கு இரண்டு விரல் விட்டு
வலைக்கயிற்றால் பின்னினேன்.
நடந்தேன். குனிந்தேன்.
குந்தினால் மட்டும் கீழ்விளிம்பு தொடையில் இடித்தது.
சிப்பாய் எங்கே குந்தப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளி. மணல் கொதித்தது.
மூன்றாம் தரம் விழவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே
சிலுவை சுமந்த அருள்ராயன் நிஜமாகவே விழுந்தான்,
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவன்.
ஆறு சிப்பாயும் விறைப்பாக நின்றார்கள்.
குனிந்தால் வாடகைக் கவசம் பிளந்துவிடும்,
அட்வான்ஸ் போய்விடும்.

நான் குந்தினேன்.
கயிறு இளகிக் கொடுத்தது.
அவன் தலையைத் தூக்கி
இடுப்புப் பாட்டிலைத் திறந்து ஊட்டினேன்.

ஃபாதர் முறைத்தார்.
கூட்டத்தில் ஒரு பொடியன் கேட்டான்,
"அது யாரு பக்கம்?"

தொடையில் இன்னும் கன்றியிருக்கிறது.
அடுத்த வருஷம் கீழ்விளிம்பில்
அரை அங்குலம் வெட்டணும்.