இரண்டாவது வெடிக்கு முன்

முட்டத்துக் கரையில் கிழிந்த வலைகளிலிருந்து
ஈயக்குண்டுகளை எடைக்கு வாங்கி வந்தேன்.
"ஈரம் கெடக்கு பிள்ளே, பாத்துக்கோ"
என்றாள் விற்ற டெல்பின்.
உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு விழுந்தால் போதும்,
சட்டி எழுந்து முகத்தில் உமிழும்.
நாலு நாள் வெயில் காட்டினால் சரியாகும்.
ஐப்பசியில் பூதப்பாண்டிக்கு
நாலு நாள் வெயில் வர
பதினோரு நாள் ஆயிற்று.

உருக்கும்போது கதவு இரண்டும் திறந்திருக்கும்.
அந்தக் கையால் சோறு தொடமாட்டேன்.
வாசலுக்கு வெளியே நின்று ஜெபசிங் கேட்பார்,
"சவத்து எளவு, பாதி மருந்துதானே,
இதுக்கு ஏன் இம்புட்டு பயம்?"

பாதி என்பதுதான் பயம்.
நிறையப் போட்டால் இரட்டை விழும்போது
பொங்கி வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.
குறைந்த மருந்து
கூட்டின் அடியில் சுருண்டு கிடக்கும்,
பக்கத்தில் இன்னொன்றுக்கும் இடம் வைத்துக்கொண்டு,
வாயைத் திறக்காமல்.

மருந்து அளக்கும்போது சன்னலை அடைத்துவிடுவேன்.
ஃபேன் கிடையாது. தராசுத் தட்டு மூச்சுக்குக்கூட ஆடும்.
இருபத்தேழாவது கூட்டில் ஃபோன்.
மைனி. பத்திரத்தில் யார் பெயர் முதலில் என்று.
பேசி முடித்தபோது
இருபத்தேழில் போட்டேனா, போடவில்லையா?
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பார்த்ததை நம்பவில்லை.
ஐம்பதையும் கவிழ்த்து
முதலிலிருந்து தொடங்கினேன்.
அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை, தோவாளை மலையடிவாரம்.
கிளப்பில் செலஸ்டின் சார் ஆறாவது தடவை சுட்டார்.
வெடிக்கவில்லை.
புஸ்.
தீக்குச்சி நமுத்த மாதிரி.
அட்டையில் புதுத் துளை இல்லை.
"தப்பிட்டு" என்று சொல்லிக்கொண்டே
போல்ட்டை இழுத்தார். அடுத்ததை எடுத்தார்.

நான் கத்தியது
எனக்கே யாரோ கத்தியது போலிருந்தது.
ரேஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
துப்பாக்கியை வாங்கி, காலி செய்து,
குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டேன்.
ஒரு சாண் போய்
மெத்தென்று இடித்து நின்றது.

முட்டத்து ஈயம்.
கேப்பின் நெருப்பு மட்டும் தள்ளி,
பாதி வழியில் களைத்து உட்கார்ந்த என் குண்டு.
கூட்டில் மருந்தே இல்லை.
இரட்டை விழுமோ என்று ஐம்பதையும் கவிழ்த்தவள்
ஒன்றில் போடவே மறந்திருக்கிறேன்.

அடுத்தது வெடித்திருந்தால்
அந்தக் குண்டில் போய் முட்டியிருக்கும்.
குழல் அவர் கன்னத்துக்கு அருகே
பிளந்திருக்கும். இருக்கும், இருக்கும்.
ஒன்றும் நடக்கவில்லை.

"மிச்சம் நாப்பத்து நாலு இருக்கே" என்றார் சார்.
பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
நாற்பத்து நாலும் சரியாகவே இருந்தன.
அதுதான்
கடைசிவரை என்னைத் தூங்கவிடவில்லை.