பழைய மீற்றர் பெட்டி

புது மீற்றரை முன்சுவருக்கு மாற்றினார்கள்.
பின்சுவரில் பழைய பெட்டி மட்டும் மிஞ்சியது,
கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை.
கழற்றியிருக்கலாம்.
பாண்டிருப்பில் வீடு வீடாய் மீற்றர் வாசிக்கிறவன்
தன் வீட்டுச் சுவரை நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

போன பங்குனியில் கரிச்சான் குடியேறியது.
கறுப்புக் கோட்டோடு கல்முனைக் கோட்டுக்குப் போகும்
சட்டத்தரணி மாதிரி.
விடிய நாலரைக்கே வாலைத் தூக்கி
வழக்கைத் தொடங்கிவிடும்.
மூன்று முட்டை,
வெளிறிய நீலப்பச்சையில் மண்ணிறப் புள்ளி.

ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால்
மூன்றும் சீமெந்தில் உடைந்து கிடந்தன.
பெட்டி வாசலில் வைக்கோல் துரும்போடு
அடைக்கலக்குருவி,
கழுத்தில் கறுப்புத் துண்டு கட்டின சேவல்.

இந்த வருசம் விடுவதில்லை என்று நின்றேன்.

சம்மாந்துறையில் மீற்றர் பார்க்கப் போன வீட்டில்
ஒரு பெடியன் சொன்ன உபாயம்:
ஓட்டைக்கு முன்னால் தங்கூசி தொங்கவிட வேண்டும்,
கரிச்சான் ஊடே நுழையும், மற்றது கூசும்.
ஏனென்று அவனுக்கும் தெரியாது.
தவேந்திரனிடம் நாலு பாகம் கேட்டேன்.
"சுவருல என்ன மீன் புடிக்கப் போறாய் மச்சான்?"
நுனியில் துருப்பிடித்த நட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டேன்.

மூன்று நாள் கூசியது.
நாலாம் நாள் பெட்டிக்குள் வைக்கோல்.

பின்னேரம் பின்னேரமாய் ஏணி வைத்தேன்.
தும்பு, கோழிச் சிறகு,
மருதமுனைத் தறியொன்றின் சிவப்பு நூல்,
விழாத லொத்தர்ச் சீட்டில் ஒரு கிழிசல்.
ஒரு வீட்டை முழுசாய் உள்ளங்கையில் வைத்திருந்தேன்,
பாரமே இல்லை.
ஏழு தரம் எறிந்தேன்.

முன்வாசலில் சுகந்தமலர் கட்டின முட்டி
இரண்டு வருசமாய்ச் சும்மா தொங்குகிறது.
அடைக்கலக்குருவி கூடு கட்டினால்
வீட்டில் குறை வராதாம்.
ஒரு துரும்புகூட வரவில்லை.
ஏணியடியில் நின்று கேட்டாள்:
"பேரிலயே அடைக்கலத்தை வச்சிருக்கிற சீவன்.
அதையா பிய்ச்சு எறியிறீங்க?"

ஏழு வயதில் மூன்று பள்ளிக்கூடங்களில்
படுத்தெழும்பியவள்,
ஒன்றிலும் படிக்காதவள்.

"முட்டையக் குத்துதே" என்றேன் மேலிருந்து.
"குத்தும்.
இடம் இல்லாட்டி எதுவும் குத்தும்."

எட்டாவது கூட்டை எறியவில்லை.
நூலும் சீட்டும் குலையாமல் கொண்டுபோய்
முட்டிக்குள் வைத்தேன்.
சேவல் வந்து விளிம்பில் குந்தியது,
தலையைச் சரித்து உள்ளே பார்த்தது,
சிவப்பு நூலை மட்டும் இழுத்துக்கொண்டு
பின்பக்கம் பறந்தது.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு காவல்தான்.
லீவு நாளில் நான், மற்ற நாளில்
தேங்காய் துருவுகிற சாட்டில் அவள்.
குருவியை விரட்டினாளா, பார்த்துக்கொண்டிருந்தாளா,
நான் கேட்கவில்லை.
வாசிப்புக் கொப்பியின் கடைசி ஒற்றையில்
பென்சிலால் எழுதினேன்:
முட்டை 4.
பிறகு, குஞ்சு 3, கூழ் 1.

நற்பிட்டிமுனையில் யாரோ ஒருவர்
இவ்வளவு அலகு எரிக்கவே இல்லையென்று
என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம்
சுகந்தமலர் போன் எடுத்தாள்.
மூன்று அலகும் வெளியே வந்துவிட்டனவாம்.
ஒன்று முருங்கையில், ஒன்று வேலியில்,
ஒன்று எங்கே என்று தெரியவில்லையாம்.
நான் சரியென்று சொல்லி
அந்த மனிசனின் கணக்கைத் திரும்பப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது மின்கம்பியில் சேவல்.
வாயில் நூல், வெயிலில் நிறம் போய் இளஞ்சிவப்பாய்.
அதே நூலா? அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கத்தரிக்கோலோடு ஏணியில் ஏறியிருந்தாள்.
கேட்டுவிட்டு ஏறவில்லை.
நாலு தங்கூசியும் அறுந்தன,
நட்டுகள் சீமெந்தில் விழுந்து உருண்டன.
ஏணி ஆடியது.
ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

தங்கூசியை எறியவில்லை.
சுருட்டி வேலைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.
பங்குனி வரும்.