புலிப்பால் நான்கு டாலர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
படுக்கை விரிப்பு மடிப்பவர்கள் நாங்கள்.
ஒரு முனை என்னிடம், மறுமுனை நெர்மினிடம்.
நெருங்குவோம், விலகுவோம், நெருங்குவோம்.
ஒரு நாளைக்கு நானூறு தடவை
விரல் தொட்டுக்கொண்டாலும்
ஒரு சொல் பேச முடியாத இரைச்சல்.

பேச்செல்லாம் வெள்ளிக்கிழமை,
பேட்டர்சன் மார்க்கெட் தெருவில்.
விதிகள் அவள் போட்டவை.
ஆளுக்குப் பன்னிரண்டு டாலர், டிப்ஸ் உட்பட.
போன கடைக்கு மறுபடி போகக்கூடாது.
மேசைவிரிப்பு போட்ட கடைக்குள் நுழையாதே,
துவைத்த கூலியும் பில்லில் இருக்கும்.

அக்டோபரில் ரயில் பாலத்துப் பக்கமிருந்து தொடங்கினோம்.
முதல் கடையில் கண்ணாடிக்குப் பின்னால்
கோழிகள் சுழன்றுகொண்டிருந்தன
எங்கள் உலர்த்தும் இயந்திரம் மாதிரியே.
"இங்கேயும் வேலையா" என்றாள் நெர்மின்.
தொட்டுக்கொள்ளப் பச்சையாக ஒன்று வைத்தார்கள்.
சாது போலத்தான் இருந்தது
நாக்கில் படும்வரை.

அடுத்து ஈக்வடார்க்காரர் செகுந்தோ.
சூரைமீன் சூப், மேலே ஊறிய வெங்காயம்.
"குடித்தது தெளிய இதுதான்."
"நாங்கள் குடிக்கவில்லையே."
"அப்படியானால் பாதி விலை."
முழு விலைதான் வாங்கினார்.

மூன்றாவதைக் கடை என்று சொல்ல முடியாது,
மொபைல் ரிப்பேர் கடையின் பின்பக்க ஜன்னல்.
பொலிவியாவின் வில்மா சுடச்சுட நீட்டினாள்
சால்தேனா.
சோமாசிக்கு அக்கா, வயிறு நிறையச் சாறு.
நிமிர்த்திப் பிடித்து, நுனி கடித்து, முதலில் உறிஞ்ச வேண்டும்.
நெர்மின் நடுவில் கடித்தாள்.
ஊரின் கறையெல்லாம் பார்த்தவள்
தன் சட்டையைக் குனிந்து பார்த்து
"பச்சைத் தண்ணீர், உப்பு, தேய்க்கக் கூடாது"
என்றாள் டாக்டர் குரலில்.

நடுவில் ஒரு வாரம் அவள் வரவில்லை.
தனியாக ஒரு அரேபா வாங்கி நின்றபடியே தின்றேன்.
அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிப்ரவரியில் பதினான்காவது கடை.
'எதெல்வினா' என்று பலகை, ஆறே நாற்காலி.
கரும்பலகையில் செவிச்சே ஒன்பது.
அதற்குக் கீழே, லெச்சே பால், திக்ரே புலி,
அவ்வளவு ஸ்பானிஷ் இந்தத் தெருவே கற்றுக்கொடுத்திருந்தது.
புலிப்பால், நான்கு டாலர்.
"கறந்தது யாராம்?" என்றாள் நெர்மின்.

மீன் ஊறிய எலுமிச்சைச் சாறு,
மிளகாய், உப்பு, இஞ்சி, சின்னக் குவளையில்.
கிண்ணத்தின் அடியில் மிஞ்சுவதற்குப்
புலியின் பெயர் வைத்தவர்கள்
பசி தெரிந்தவர்கள்.
ஒன்றை வாங்கி இருவரும் குடித்தோம்.
காதுவரை ஏறியது.

அப்போதுதான் எதெல்வினா ஸ்டூல்மேல் ஏறி
ஈரத்துணியால் ஒன்பதை அழித்தார்.
"மீன் விலை" என்றார், சுவரிடம்.
எழுதக் கை தூக்கியவர் திரும்பிப் பார்த்தார்.
நாங்கள் ஒற்றை நோட்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தோம்.
சாக்பீஸ் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
பிறகு இறங்கிவிட்டார்.
விலை இருந்த இடத்தில் ஈரம்.

நெர்மின் எழுந்துபோய்
சாக்பீஸைக் கேட்டு வாங்கினாள்.
நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.
பத்து என்று எழுதினாள்.
அவள் போடும் ஒன்று எப்போதுமே ஏழு மாதிரி.
"எழுபதா!" என்று அலறிச் சிரித்த எதெல்வினா
எக்கி, ஏழின் கொம்பை மட்டும்
விரலால் துடைத்தார்.

பத்தும் இரண்டும் பன்னிரண்டு, டிப்ஸுக்கு இடமில்லை.
ஆளுக்குப் பதின்மூன்று வைத்துவிட்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை.
விரிப்பின் மறுமுனையிலிருந்து ஏதோ கத்தினாள்.
கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.
இரண்டு கைகளையும் விட்டு
நகம் விரித்துப் புலியாக நின்றாள்.
வெள்ளை விரிப்பு தரையில் விழுந்தது.

மறுபடி துவைக்கப் போட்டோம்.